கணக்கில் சேராத ஆட்டம்

ஆடி மாதம். கச்சான் காற்று.
கையில் ஒரு சுருள் கச்சான்.
எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பேர்,
இரண்டும் தொண்டையை வரட்டும்.

கோட்டுக்கு வெளியே, மதில் மேல்
நாங்கள் ஆறு பேர்.
கிண்ணம் இல்லை. நடுவருக்குக் காசு இல்லை.
புள்ளிப் பலகையில் போன வருட இலக்கம்
அழிக்க ஆளில்லாமல் கிடக்கிறது.
சிநேகபூர்வ ஆட்டம் என்கிறார்கள்.
சிநேகம் எங்கே என்று
பதினேழாம் இலக்கப் பொடியனின்
முழங்கையிடம்தான் கேட்க வேண்டும்.

"ஆறடி மூண்டு. இன்னும் வளருவான்"
என்கிறார் செல்லர் அங்கிள்.
காது மடலில் இன்னும் மரத்தூள்.
ஆளையும் பலகை மாதிரித்தான் பார்ப்பார்:
நீளம், வைரம், எந்த இடத்தில் பிளக்கும்.
"வளந்து என்ன, பல்ப் மாத்தவா?"
காத்தான்குடிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு
மோட்டார்சைக்கிளில் வந்த ரிஸ்கான்.
"காலப் பாருங்க. சிமெந்தில நட்டு வெச்ச மாதிரி."

நெடியவன் பெயர் அபிலக்‌ஷன்.
அரைமணி நேரத்தில் அவனுக்கு
மூன்று எதிர்காலம் கொடுத்தாயிற்று:
தேசிய அணி,
கொழும்பில் வங்கி வேலை,
முழங்கால் போய், கட்டார்.
அவன் இன்னும்
சப்பாத்துக் கயிற்றையே சரியாகக் கட்டவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
பதினொரு வருடத்துக்கு முன்
இதே மதில் என்னையும் அளந்தது.
"இடக்கை இல்ல" என்றது.
இரண்டே சொல்.
அன்றிரவு வலக்கையைத் துவாயால்
இடுப்போடு கட்டிக்கொண்டு
இடக்கையால் சோறு தின்றேன்.
அம்மா அகப்பையால் போட்டா ஒன்று.
இப்போது கையெழுத்து இரண்டு கையாலும் வரும்.
கச்சேரியில் காணிக் கோவைகளுக்கு
அது தேவைப்பட்டதே இல்லை.
மதில் சொன்னது சரி.
சரியாக இருந்ததுதான் ஆறவில்லை.

மூன்றாம் கால்வாசி.
நான்காம் இலக்கம்,
இரவல் சட்டை முழங்கால் வரை.
அபிலக்‌ஷன் பந்தை எறிய ஓங்குகிறான்,
எல்லாக் கண்ணும் பந்தில்.
இந்தச் சின்னன் மட்டும்
வேலிக்கு அப்பால் தென்னோலை
எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு
இரண்டு அடி தள்ளி நிற்கிறான்.
வளையத்தில் பட்ட பந்து
சோற்றுக்குக் கூப்பிட்ட பூனை போல
நேரே அவனிடம் வருகிறது.

ஒரு தரம், அதிஷ்டம்.
இரண்டாம் தரம், செல்லர் அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார்.
மூன்றாம் தரம்
என் கையில் கச்சான் உடையாமல் நின்றது.

"ஆர் அந்தப் பொடியன்?"
ஒருவருக்கும் தெரியாது.
படுவான்கரையாம், பஸ்ஸில் வருகிறானாம்.
எடுத்த மூன்று பந்தையும்
எதிரணிக்கே தூக்கிக் கொடுத்தான், அது வேறு.
"எடுக்கத் தெரியும், மறுகா என்ன செய்யிறதெண்டு தெரியா"
என்று ரிஸ்கான் சிரிக்க,
கோச் அவனை வெளியே கூப்பிட்டார்.
வாங்கில் குந்தி, சட்டைக் கழுத்தைக் கடித்தபடி
ஓலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு வருசம்" என்றார் செல்லர் அங்கிள்.
"ரெண்டு மாசம். மறுகா டியூசனுக்குப் போயிருவான்."
பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"நீங்க சொல்லுங்க மிஸ்."

என் வாயிலும் இரண்டு சொல் இருந்தது.
இரண்டு சொல் எத்தனை வருடம் தாங்கும் என்று
எனக்குத் தெரியும்.
கச்சானை உடைத்துப் போட்டு மென்றேன்.

விசில் ஊதி, விளக்கு வருமுன்
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
அவன் மதிலடிக்கு வந்தான்.
"அண்ணே, எத்தினைக்கு எத்தினை முடிஞ்சுது?"
ஆறு பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சரி, பஸ் போயிரும்" என்றான்.
படலை அவனுக்கு இடப்பக்கம்.
வலப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான்
ஓடினான்.